ஒருபக்கம் கனக்கும் ஸ்டீயரிங்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் மின்சார பவர் ஸ்டீயரிங் இரண்டு விதமாகப் பழுதாகும். மோட்டாரின் உதவி அடியோடு நின்றுபோவது ஒன்று. அப்போது டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும், ஸ்டீயரிங் பாறையாய்க் கனக்கும், ஸ்கேனரை மாட்டினால் கோளாறுக் குறியீடு கிடைக்கும். மற்றது சீரின்மை. வலப்பக்கம் திருப்பினால் இலகுவாகவும் இடப்பக்கம் திருப்பினால் இறுக்கமாகவும் இருக்கும். அல்லது ஒரே சுற்றுக்குள் இலகுவும் இறுக்கமும் மாறி மாறி வரும். விளக்கு எரியாது, குறியீடும் பதிவாகாது. கட்டுப்பாட்டுப் பெட்டியின் கணக்கில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஓட்டுபவரின் கைகளுக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று தெரியும். இரண்டாவது வகைதான் மெக்கானிக்குகளை அலைக்கழிப்பது. இருபது வயதைக் கடந்த நல்ல கார்களில் பல, காரணம் தெரியாமலேயே விலையுயர்ந்த பாகங்களை இழந்து மாற்றுப் பாகம் ஏற்றுக்கொள்வது இந்தக் கோளாறால்தான்.

மின்மோட்டார் ஸ்டீயரிங்கிற்கு வந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் கோளாறு எங்கே ஒளிந்திருக்கும் என்பதும் ஓரளவு புரியும். 1951இல் கிறைஸ்லர் இம்பீரியல் காரில் விற்பனைக்கு வந்த நாள் முதல் பவர் ஸ்டீயரிங் என்றால் எண்ணெய் அழுத்தம்தான்: எஞ்சின் பெல்ட் சுழற்றும் ஒரு பம்ப், அதிலிருந்து குழாய்கள், முடிவில் சக்கரங்களைத் தள்ளும் ஒரு பிஸ்டன். 1988இல் சுசுகி செர்வோ என்ற சின்னஞ்சிறு ஜப்பானியக் காரில் அந்த எண்ணெயின் இடத்தில் மின்மோட்டார் வந்தது. ஸ்டீயரிங் தண்டிலேயே பொருத்தப்பட்டு, பல்சக்கரம் வழியாகத் தண்டைச் சுழற்றியது. சிறிய எஞ்சினுக்குச் சுமை குறையவேண்டும், குறுகிய இடத்தில் பம்பும் குழாயும் அடைபடக்கூடாது என்பது அங்கே இருந்த தேவை.

ஸ்போர்ட்ஸ் காரின் தேவை வேறு. 1990இல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரில் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது, ஸ்டீயரிங் ரேக் முன்னால் இருக்கிறது. பின்னாலிருந்து முன்னால்வரை எண்ணெய்க் குழாய்களை இழுப்பதைவிட, மோட்டாரை ரேக்கிலேயே வைத்து இரண்டு வயர்களை அனுப்புவது எளிது. முதலில் ஆட்டோமேட்டிக் கியர் மாடலுக்கு மட்டும் கொடுத்தார்கள். அதே காலத்தின் டொயோட்டா எம்ஆர்2, எஞ்சின் நடுவில் இருக்கும் இன்னொரு கார், இடைவழி ஒன்றைத் தேர்ந்தது: எண்ணெய் உண்டு, ஆனால் பம்பைச் சுழற்றுவது மின்சாரம். 1995இல் பிரிட்டனில் வந்த எம்ஜி எஃப் மோட்டாரைத் தண்டில் வைத்தது. 1999இன் ஹோண்டா எஸ்2000 எஞ்சினை முன்னால் கொண்டிருந்தும் மின்சார ரேக்கையே எடுத்துக்கொண்டது. இந்த மாடல்களில் முதலில் வந்த கார்கள் எல்லாம் இன்று கால் நூற்றாண்டைத் தாண்டியவை. அவற்றின் வயர்களும் ரப்பர் உறைகளும் மூட்டுகளும் அதே வயதுடையவை என்பதைப் பழுதுபார்ப்பவர் முதலில் நினைவில் வைக்கவேண்டும்.

மோட்டார் எங்கே இருந்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். ஸ்டீயரிங் தண்டின் வழியில் ஓரிடத்தில் மெல்லிய எஃகுத் தண்டு ஒன்று இருக்கும். முறுக்குத் தண்டு என்று அதைச் சொல்லலாம். ஓட்டுபவர் திருப்பும்போது சக்கரங்களின் எதிர்ப்பால் அது சில டிகிரி மட்டும் முறுகும். எவ்வளவு முறுகியது, எந்தப் பக்கம் முறுகியது என்பதை அதைச் சுற்றியிருக்கும் டார்க் சென்சார் மின்னழுத்தமாக மாற்றிக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதோடு காரின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்து மோட்டாருக்கு எத்தனை ஆம்பியர் கொடுப்பது என்று முடிவுசெய்யும். நின்ற நிலையில் நிறைய, நெடுஞ்சாலையில் மிகக் கொஞ்சம். பல அமைப்புகளில் சென்சாருக்கு இரண்டு வெளியீடுகள் உண்டு. யாரும் தொடாதபோது இரண்டும் 2.5 வோல்ட் அருகே நிற்கும். ஒருபக்கம் திருப்பினால் ஒன்று ஏறும், மற்றது அதே அளவு இறங்கும். இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஏறத்தாழ ஒரே எண் வரவேண்டும். வராவிட்டால்தான் பெட்டி பழுது என்று அறிவித்து விளக்கை ஏற்றும். இரண்டும் சேர்ந்து ஒழுங்காகத் தவறினால் அதற்குத் தெரியாது.

இதிலிருந்து பிறக்கும் ஒரு விளைவு இந்தத் தொழிலில் இருப்பவர்களில்கூடப் பலர் கவனிக்காதது. உராய்வு சென்சாருக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதே இறுக்கம் வேறு வேறாக உணரப்படும். ரேக்கிலோ பால் ஜாயின்ட்டிலோ இறுக்கம் என்றால் அது சென்சாருக்குக் கீழே இருக்கிறது. ஓட்டுபவர் சற்று அதிகம் அழுத்துவார், முறுக்குத் தண்டு சற்று அதிகம் முறுகும், மோட்டார் கூடுதலாக உதவும். இறுக்கத்தின் பெரும்பகுதி மறைந்துபோகும். மாறாக, சென்சாருக்கு மேலே, கைக்கும் சென்சாருக்கும் நடுவே, இறுக்கம் இருந்தால் சென்சார் அதை அறியாது. மோட்டார் உதவாது. இறுக்கம் முழுவதும் அப்படியே கைக்கு வரும். ரேக்கில் மோட்டார் உள்ள கார்களில் சென்சார் பினியன் அருகே, கீழே இருக்கிறது. ஆகவே தண்டின் யூனிவர்சல் ஜாயின்ட்டுகள் எல்லாம் அதற்கு மேலே வந்துவிடுகின்றன. தண்டில் மோட்டார் உள்ள கார்களில் சென்சார் கேபினுக்குள்ளேயே இருப்பதால் அதே ஜாயின்ட்டுகள் அதற்குக் கீழே வருகின்றன. எம்ஜி எஃப் போன்ற காரில் மோட்டாரின் உதவியால் மறைந்துபோகும் ஒரு துருப்பிடித்த ஜாயின்ட், எஸ்2000 போன்ற அமைப்பில் தாங்கமுடியாத தொல்லையாகிவிடும். காரின் அமைப்பு எது என்று தெரியாமல் ஸ்பேனரைக் கையில் எடுப்பதில் பயனில்லை.

இங்கிலாந்தின் யார்க்ஷயரில், மேட்டுநிலச் சாலைகள் தொடங்கும் இடத்தில் இருந்த ஒரு சிறிய பணிமனைக்கு வந்த கார் இந்தப் பாடங்கள் எல்லாவற்றையும் ஒருசேரக் காட்டியது. ஜப்பானியத் தயாரிப்பு, இரண்டே இருக்கைகள், துணிக்கூரை, பின்சக்கர இயக்கம், ரேக்கில் மோட்டார். உரிமையாளர் அதைப் பல ஆண்டுகளாகக் கோடை, குளிர் என்று பார்க்காமல் ஓட்டிவந்தவர். கண்ணாடிக்குள் வைக்கும் காராக அதை அவர் நினைக்கவில்லை. அந்த மலைச்சாலைகளுக்காகவே வாங்கியிருந்தார். அங்கே குளிர்காலத்தில் சாலைகளில் உப்பு தூவுவார்கள். அந்த உப்பு காரின் அடிப்பாகம் முழுக்கத் தன் வேலையைக் காட்டியிருந்தது.

அவருடைய புகார் தெளிவாக இருந்தது. நேராக ஓடும்போது சிரமமில்லை. வலப்பக்க வளைவில் ஸ்டீயரிங் இயல்பாகத் திரும்பும். இடப்பக்க வளைவில் தொடக்கத்திலேயே ஒரு தடை, அதைத் தாண்டியதும் திடீரென்று இலகுவாகும். வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்கு வராமல் சற்று முன்னதாகவே நின்றுவிடும். குளிர்ந்த காலையில் மோசம். அரைமணி ஓட்டிய பிறகு பரவாயில்லை. விளக்கு ஒருமுறைகூட எரிந்ததில்லை. அதற்கு முன்பு பார்த்த ஒரு பணிமனை கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சந்தேகித்து, பழைய கார் ஒன்றிலிருந்து எடுத்த பெட்டியை மாற்றியிருந்தது. மாற்றியும் குறையவில்லை, சொல்லப்போனால் இடப்பக்கக் கனம் கூடியது. அடுத்த யோசனையாக மோட்டாரோடு முழு ரேக்கையும் மாற்றச் சொல்லியிருந்தார்கள். அந்த வயதுக் காருக்குப் புது ரேக் என்பது காரின் சந்தை மதிப்பில் கணிசமான பங்கு.

சீரின்மை என்று சொன்னால் மட்டும் போதாது. எதைப் பொறுத்து மாறுகிறது என்று கேட்கவேண்டும். திருப்பும் கோணத்தைப் பொறுத்து மாறினால் சுழலும் பாகம் ஒன்றில் குறை. திசையைப் பொறுத்து மட்டும் மாறினால் சென்சாரின் நடுநிலை, மோட்டாருக்கு மின்சாரம் தரும் சுற்றில் ஒரு பாதி, அல்லது டயர், வீல் அலைன்மென்ட். வேகத்தைப் பொறுத்தது என்றால் வேக சென்சாரின் சைகை. முகப்பு விளக்கும் ஹீட்டர் விசிறியும் போட்டால் கூடும் என்றால் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் எர்த்தும். பார்க்கிங்கில் பலமுறை முன்னும் பின்னும் திருப்பிய பிறகு மட்டும் கனத்தால் அது பழுதே இல்லாமலும் இருக்கலாம்: மோட்டார் சூடாவதைத் தடுக்கப் பெட்டி தானே மின்னோட்டத்தைக் குறைக்கும், ஆறியதும் பழைய நிலைக்கு வரும். இந்தக் கேள்விகளுக்குச் செலவில்லை. பாகம் மாற்றும் பட்டியல் இவற்றுக்குப் பிறகுதான் வரவேண்டும். யார்க்ஷயர் காரில் புகார் ஒரே நேரத்தில் கோணத்தையும் திசையையும் வெப்பத்தையும் சுட்டியது. அதுவே ஒன்றுக்கு மேற்பட்ட குறைகள் கூடியிருக்கலாம் என்ற முதல் குறிப்பு.

டயரிலிருந்து தொடங்குவதுதான் முறை. காற்றழுத்தம் சரிபார்க்கப்பட்டது, முன்டயர்கள் இரண்டும் ஒரே தயாரிப்பு, ஒரே தேய்மானம். டயரின் உள்வலையில் சிறு கோணல் இருந்தாலும் கார் ஒருபக்கம் இழுக்கும், அதை ஸ்டீயரிங்கின் கனம் என்று மயங்குவதும் உண்டு. முன்சக்கரங்களை இடம் வலமாக மாற்றிப்போட்டு ஓட்டினால் குறை பக்கம் மாறவேண்டும். மாறவில்லை. கேஸ்டர் கோணம் இருபுறமும் வேறுபட்டாலும் இதே மயக்கம் வரும். அளந்ததில் வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. பிரிட்டனில் இடப்பக்கம் ஓட்டுவதால், மழைநீர் வடியச் சாலை இடப்பக்கமாகச் சரிந்திருப்பதும் கணக்கில் வரவேண்டும். ஆனால் அந்தச் சரிவு இடப்பக்கம் திருப்புவதை எளிதாக்கவே செய்யும். இங்கே கனத்ததும் இடப்பக்கம்தான்.

அடுத்து மின்சாரம். ஸ்டீயரிங் மோட்டார் எடுக்கும் மின்னோட்டம் பலர் நினைப்பதைவிடப் பெரியது; நின்ற நிலையில் முழுக்கத் திருப்பும்போது பத்துக்கணக்கான ஆம்பியர் போகும். 40 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.05 ஓம் மின்தடை இருந்தாலே 2 வோல்ட் வீணாகும். அந்த 0.05 ஓமைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவுகோலில் நம்பிப் பார்க்கமுடியாது. உதவியாளர் ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே, பேட்டரியின் எதிர்முனைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் நிற்கிறது என்று அளப்பதுதான் வழி. 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் துருவோ தளர்ந்த போல்ட்டோ இருக்கிறது என்று கொள்ளலாம். நேர்முனைப் பக்கமும், ஃப்யூஸையும் கனெக்டர்களையும் உள்ளடக்கி, இதேபோல் பார்க்கவேண்டும். ஃப்யூஸ் எரியாமல் இருப்பதால் அதன் தொடுமுனைகள் நன்றாக இருக்கின்றன என்று ஆகாது. பழைய கார்களில் ஃப்யூஸ் பெட்டியின் உள்முனை கருத்து உருகியிருப்பதைக் காணலாம்.

யார்க்ஷயர் காரில் எர்த் பக்கம் அளவு சற்று மிஞ்சியிருந்தது. போல்ட்டைக் கழற்றி, உலோகம் மின்னும்வரை தேய்த்து, மீண்டும் முடுக்கியதும் இறங்கிவிட்டது. உதவி பொதுவாகச் சற்றுப் பலப்பட்டது. சீரின்மை அப்படியே இருந்தது. மின்னழுத்தக் குறைவு இரு திசையையும் ஒரேபோல் பாதிக்கும் என்பதால் இது எதிர்பார்த்ததே. வேலை வீணில்லை, ஆனால் குற்றவாளி அங்கே இல்லை.

மோட்டாரைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் பழிபோடுவது அதன்மேல்தான். அந்தக் காலத்து மோட்டார்களில் கார்பன் பிரஷ்களும் கம்யூட்டேட்டரும் உண்டு. நேராக ஓடும் காரில் மோட்டார் ஏறத்தாழ ஒரே இடத்திலேயே முன்னும் பின்னும் அசைவதால் கம்யூட்டேட்டரின் சில பட்டைகள் மற்றவற்றைவிட அதிகம் தேயும், கருக்கும். அப்படிக் கெட்ட பட்டை இருந்தால் கையில் சிறு தடுக்கல் தெரியும். ஆனால் அதன் இடைவெளி மிகச் சிறியதாக இருக்கும். மோட்டாருக்கும் தண்டுக்கும் நடுவே பல்சக்கரக் குறைப்பு இருப்பதே காரணம்: ஸ்டீயரிங் ஒரு சுற்று சுற்ற மோட்டார் 18 சுற்று சுற்றவேண்டும் என்று வைத்துக்கொண்டால், கெட்ட பட்டை ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஒருமுறை தலைகாட்டும். அரைச் சுற்றுக்கு ஒருமுறை வரும் கனத்துக்கு மோட்டாரைக் குற்றம் சொல்லமுடியாது. இந்த ஒரு கணக்கு எத்தனையோ மோட்டார்களைக் காப்பாற்றும்.

எனவே கனம் எந்த இடைவெளியில் வருகிறது என்று அளப்பதே திறவுகோல். காரின் முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, ஸ்டாண்டுகளில் நிறுத்தி, முன்சக்கரங்கள் தொங்கும்படி விட்டார்கள். ஸ்டீயரிங்கின் ஃப்யூஸைப் பிடுங்கி மோட்டாரின் உதவியை அகற்றினார்கள். ஸ்டீயரிங் வளையத்தின் மேல் காகித நாடா ஒட்டி, நேர்நிலையில் பேனாவால் ஒரு கோடு. பிறகு ஒரு ஸ்பிரிங் தராசை வளையத்தில் மாட்டி, எப்போதும் வளையத்துக்குத் தொடுகோடாக இழுத்து, ஒருமுனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகத் திருப்பினார்கள். முள் ஏறும் இடங்களில் எல்லாம் நாடாவில் ஒரு குறி. சில பவுண்டு விலையுள்ள தராசு, ஒரு நாடா, ஒரு பேனா: ஸ்கேனரால் சொல்லமுடியாததை இவை சொல்லிவிட்டன. குறிகள் எல்லாம் அரைச் சுற்று இடைவெளியில் விழுந்தன. கனமான இடத்தில் தராசு காட்டியது லேசான இடத்தைப்போல இரு மடங்குக்கும் மேல்.

சுற்றுக்கு இரண்டு முறை என்ற கணக்கு யூனிவர்சல் ஜாயின்ட்டின் கையெழுத்து. தண்டு ஒன்று கோணத்தில் வளைந்து செல்லவேண்டிய இடத்தில் இரு கவைகளையும் ஒரு சிலுவைத் துண்டால் இணைத்திருப்பார்கள். சிலுவையின் நான்கு முனைகளிலும் ஊசி பேரிங்குகள். ஒரு சுற்றில் சிலுவையின் ஒவ்வொரு அச்சும் இருமுறை முழுக்க மடங்கி நிமிர்கிறது. ஓர் அச்சின் பேரிங்குகள் துருப்பிடித்தால் அந்த இருமுறையும் தடை வரும். இதைத் தவிர, துருவே இல்லாத ஜாயின்ட்டிலும் ஒரு சீரின்மை இயற்கையாகவே உண்டு: உள்ளே செல்லும் தண்டு சீராகச் சுழன்றாலும் வெளியே வரும் தண்டு சுற்றுக்கு இருமுறை வேகம் கூடிக் குறையும். 30 டிகிரி கோணத்தில் இந்த விகிதம் 0.87க்கும் 1.15க்கும் நடுவே ஊசலாடும். அதனால்தான் பல கார்களில் இரண்டு ஜாயின்ட்டுகளை எதிரெதிர் கட்டத்தில் வைத்து, ஒன்றின் ஊசலை மற்றொன்றால் ஈடுசெய்கிறார்கள். இரண்டுக்கும் இடையே உள்ள நடுத்தண்டைக் கழற்றி மாட்டும்போது கட்டம் தவறிப் பொருத்தினால் ஈடாவதற்குப் பதில் இரண்டும் கூடிவிடும். துரு எங்கும் இல்லாமலேயே ஸ்டீயரிங் அலைபாயும். கழற்றும் முன் வெள்ளைப் பெயின்டால் குறியிடுவது எவ்வளவு அவசரத்திலும் தவிர்க்கக்கூடாத பழக்கம்.

யார்க்ஷயர் காரில் கட்டம் சரியாகவே இருந்தது. கீழ் ஜாயின்ட் எக்ஸாஸ்ட் குழாயின் பக்கத்தில், சக்கரம் வாரியிறைக்கும் உப்புநீர் படும் இடத்தில் இருந்தது. வெப்பம் கிரீஸை உலர்த்தியிருந்தது, உப்பு மிச்சத்தை முடித்திருந்தது. பேரிங் கிண்ணங்களின் விளிம்பில் செம்பழுப்புத் தூள். ஓடி எஞ்சின் அறை சூடான பிறகு சற்று இளகும் என்பதால் காலை நேரக் கனமும் விளங்கியது. சந்தேகத்தை உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்று உண்டு: துரு இளக்கும் எண்ணெயைப் பேரிங் ஓரங்களில் விட்டு, சில நிமிடம் பொறுத்து, முன்னும் பின்னும் திருப்பி, மறுபடி தராசு பிடிப்பது. முள் இறங்கினால் ஜாயின்ட்தான். இறங்கியது. அதோடு விட்டுவிடலாம் என்று தோன்றும், விடக்கூடாது. அந்த எண்ணெய் மிஞ்சிய கிரீஸையும் கழுவிவிடும், சில வாரங்களில் இறுக்கம் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். ஸ்டீயரிங் தண்டில் தற்காலிகத் தீர்வுக்கு இடமில்லை.

அப்படியானால் புகார் ஏன் திசையைச் சார்ந்து வந்தது? சுற்றுக்கு இரண்டு கனமான இடங்கள் இருந்தால் இரு பக்கமும் அல்லவா கனக்கவேண்டும்? நாடாவின் குறிகள் இதற்கும் விடை வைத்திருந்தன. நேர்நிலைக் கோடு ஒரு கனமான பகுதியின் ஓரத்தில் விழுந்திருந்தது. அங்கிருந்து இடப்பக்கம் திருப்பினால் உடனே கனத்துக்குள் நுழையவேண்டும். வலப்பக்கம் திருப்பினால் கால் சுற்றுக்கும் மேலாக இலகுவான பகுதி. சாலையில் ஓடும்போது பெரும்பாலான திருப்பங்கள் அந்தக் கால் சுற்றுக்குள்ளேயே முடிந்துவிடுவதால், ஓட்டுபவருக்கு அது இடம் வலம் வேறுபாடாகவே தெரியும். மலைச்சாலையில் ஓட்டியவர் சொன்னது முழு உண்மை. அதைக் கேட்டு சென்சாரையும் பெட்டியையும் சந்தேகித்ததுதான் அவசரம்.

புது ஜாயின்ட் தயாரிப்பாளரிடமே கிடைத்தது. ரேக்கின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு சிறு துளி. மாற்றும் வேலையில் கவனிக்கவேண்டியவை உண்டு. தண்டைப் பிரிக்கும் முன் சக்கரங்களை நேராக வைத்து ஸ்டீயரிங் வளையத்தை அசையாமல் கட்டவேண்டும். பிரிந்த தண்டில் வளையம் தன்போக்கில் சுற்றினால், ஏர்பேக்கிற்கு மின்சாரம் கொண்டுசெல்லும் சுருள் நாடா அறுந்துபோகும். ஏர்பேக் உள்ள காரில் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருப்பதும் கட்டாயம். ஜாயின்ட்டின் இறுக்குபோல்ட் தண்டில் உள்ள பள்ளத்தில் சரியாக உட்காரவேண்டும். பள்ளத்தில் படாமல் மேலே இறுக்கினால் முடுக்கியதுபோலத் தோன்றும், ஓட்டத்தில் நழுவும். பழைய போல்ட்டை மறுபடி பயன்படுத்தாமல் புதியதைப் போட்டு டார்க் ரெஞ்சால் முடுக்குவதே ஒழுங்கு.

மாற்றியபின் தராசின் முள் ஒருமுனையிலிருந்து மறுமுனைவரை ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றது. ஃப்யூஸைப் போட்டு, காரை இறக்கி ஓட்டியபோது ஒரு புதிய உண்மை வெளிப்பட்டது. சுற்றுக்குள் வரும் தடை அறவே இல்லை. ஆனால் இப்போது வலப்பக்கத்துக்கு மோட்டார் தாராளமாக உதவுகிறது, இடப்பக்கத்துக்குக் கஞ்சத்தனம் செய்கிறது. நேர்சாலையில் கையை லேசாகப் பிடித்தால் ஸ்டீயரிங் வலப்பக்கம் சாய விரும்புகிறது. ஜாயின்ட்டின் உராய்வுக்கு அடியில் மறைந்திருந்த இரண்டாவது குறை இது. ஒன்றைச் சரிசெய்ததும் மற்றது தெளிவது பழைய கார்களில் வழக்கம்.

அந்தக் காலத்து ஹோண்டா கார்கள் சிலவற்றிலும் வேறு சிலவற்றிலும், ரேக்கையோ பெட்டியையோ மாற்றினால், சென்சாரின் நடுநிலை எது என்பதைப் பெட்டிக்குக் கற்பிக்கவேண்டும். குறிப்பிட்ட முறையில் கனெக்டர் ஒன்றை இணைத்து, சாவியைத் திருப்பி, யாரும் ஸ்டீயரிங்கைத் தொடாத நிலையில் அப்போதைய மின்னழுத்தத்தைப் பெட்டி பூஜ்யமாகக் குறித்துக்கொள்ளும். அந்த நொடியில் முறுக்குத் தண்டு உண்மையிலேயே முறுகாமல் இருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. முந்தைய பணிமனை பெட்டியை மாற்றி நடுநிலை கற்பித்தபோது துருப்பிடித்த ஜாயின்ட் அப்படியே இருந்தது. கையை எடுத்த பிறகும் அந்த ஜாயின்ட் தண்டை விடவில்லை. முறுக்குத் தண்டு சற்று முறுகிய நிலையிலேயே பிடிபட்டிருந்தது. அந்த முறுக்கையே பெட்டி பூஜ்யம் என்று எழுதிக்கொண்டது. அன்று முதல் ஒரு பக்கத்துக்கு அதிகமும் மறுபக்கத்துக்குக் குறைவுமாக மின்னோட்டம் போனது. பெட்டி மாற்றியபின் கனம் கூடிய மர்மமும் இதனால் தீர்ந்தது.

இதை மல்டிமீட்டரில் நேரடியாகக் காணமுடியும். சென்சார் கனெக்டரின் பின்புறமாக ஊசிமுனைகளை நுழைத்து, வெளியீட்டைப் பார்த்துக்கொண்டே ஸ்டீயரிங்கை இடப்பக்கமிருந்து நேர்நிலைக்குக் கொண்டுவந்து கையை எடுக்கவேண்டும். எண்ணைக் குறித்துக்கொண்டு, வலப்பக்கமிருந்து கொண்டுவந்து மறுபடி எடுக்கவேண்டும். உராய்வில்லாத தண்டில் இரண்டு எண்களும் ஒன்றோடொன்று நெருங்கி வரும். ஜாயின்ட் மாற்றும் முன் எடுத்த அளவுகளில் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தது; மாற்றியபின் அது மூடிவிட்டது. சென்சார் நலமாக இருக்கிறது என்பதற்கும் இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நடுநிலையை மறுபடி கற்பிக்கும்போது கார் தரையில் நிற்கக்கூடாது என்று யார்க்ஷயர் பணிமனையின் மெக்கானிக் பிடிவாதமாக இருந்தார். தரையில் அழுந்திய டயர், திருப்பியபின் தன் ரப்பரில் ஒரு முறுக்கைத் தேக்கிவைக்கும். அதுவும் முறுக்குத் தண்டைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே முன்சக்கரங்களை மறுபடி உயர்த்தி, ஸ்டீயரிங்கை இருபக்கமும் சிலமுறை முழுக்கத் திருப்பி, நேர்நிலையில் விட்டு, கதவைச் சாத்திக் காரைவிட்டு அனைவரும் விலகிநின்ற பிறகே பதிவு செய்யப்பட்டது.

இறுதிச் சோதனைகள் மூன்று நிலையில் நடந்தன. சக்கரங்கள் தொங்கிய நிலையில், உதவியோடும் உதவியில்லாமலும், தராசின் அளவுகள் இருதிசைக்கும் எடுக்கப்பட்டன. பிறகு தரையில் நிறுத்தி, எஞ்சின் ஓட, மோட்டாரின் வயரைக் கிளாம்ப் மீட்டரால் கவ்வி, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே வேகத்தில் திருப்பியபோது போன மின்னோட்டம் ஒப்பிடப்பட்டது. வேறுபாடு மிகச் சிறியது. கடைசியாக அதே மேட்டுநிலச் சாலை, குளிர்ந்த காலையில், எஞ்சின் சூடேறும் முன்பே. இடப்பக்க வளைவுகளில் தடையில்லை. கையைத் தளர்த்தியதும் ஸ்டீயரிங் நேர்நிலைவரை தானாக வந்து நின்றது. நடுத்தண்டைப் பிரித்து மாட்டியதால் வளையத்தின் நேர்நிலையும் வீல் அலைன்மென்ட்டும் மறுபடி சரிபார்க்கப்பட்டன. ரேக்கின் இரு ரப்பர் உறைகளில் ஒன்றில் மெல்லிய வெடிப்பு தெரிந்ததால் அதையும் மாற்றினார்கள். வெடித்த உறைவழியாக உப்புநீர் உள்ளே போனால் அடுத்துத் துருப்பிடிப்பது ரேக்கே. அந்தத் துருவைச் சென்சார் உணர்ந்து மோட்டார் நெடுநாள் மறைத்துவைக்கும். ஆண்டுதோறும் பிரிட்டனில் இந்த வயதுக் கார்களுக்கு நடக்கும் தகுதிச் சோதனையில் இந்த உறைகளையும் மூட்டுகளின் ஆட்டத்தையும் பார்ப்பார்கள். ஆனால் ஆட்டமே இல்லாமல் இறுகிப்போன ஜாயின்ட்டைக் கண்டுபிடிக்க, ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டுக் கையால் ஒருமுறை முழுக்கத் திருப்பிப் பார்க்கவேண்டும்.